ரெண்டு சத்தம்

திருமலைக்கு ஏறும் எந்த வண்டியும் அலிபிரியில் சப்தகிரி சோதனைச் சாவடியைத் தாண்டியாக வேண்டும். பயணிகள் இறங்கிப் பைகளோடு ஒரு பக்கமாகப் போவார்கள். ஓட்டுபவர் வண்டியை மெல்ல நகர்த்திக்கொண்டு போய்ப் பானட்டையும் டிக்கியையும் திறந்துகாட்டுவார். மது, புகையிலை, இறைச்சி மலைக்குப் போகக் கூடாது என்பது கோயிலின் விதி. 2003 அக்டோபர் 1ஆம் தேதி இதே அலிபிரியில் அப்போதைய முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு சென்ற கார் கண்ணிவெடித் தாக்குதலுக்கு உள்ளானது. அதன் பிறகு டிக்கிக்குள் எட்டிப் பார்ப்பவர்களின் பொறுப்பு இன்னும் கனத்துவிட்டது.

சித்தூர், வேலூர் பக்கத்துப் பழைய கார்கள் பலவற்றின் டிக்கிப் பூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பது இந்த வரிசையில்தான் தெரியவருகிறது. ஊருக்குள் ஓடும்போது டிக்கியை யார் திறக்கிறார்கள்? காய்கறிப் பை பின் இருக்கையிலேயே வந்துவிடும். அலிபிரியில் நின்று ஓட்டுநர் இருக்கைக்குக் கீழேயுள்ள பிடியை இழுத்தால் பின்னால் ஒன்றும் அசையாது. அடுத்த வண்டிக்காரர் ஹாரன் அடிப்பார். ஒருவர் உள்ளே பிடியை இழுத்து வைத்துக்கொள்ள, இன்னொருவர் வெளியே டிக்கியை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி விட, ஒருவழியாகத் திறக்கும். சோதனை முடிந்து சாத்தினால் மூடாது. "ஓங்கிச் சாத்துங்க சார்" என்று யாராவது சொல்வார்கள். ஓங்கிச் சாத்தியதும் மூடிக்கொண்டதுபோல இருக்கும். வண்டி மலையேறிவிடும்.

நான் எழுத வந்தது, மூடிக்கொண்டதுபோல இருக்கும் அந்த நிலையைப் பற்றி.

எங்கள் கார் ஏபி 03 எண் கொண்டது. சித்தூர் மாவட்டத்தின் பழைய எண் அது. 2019இல் ஆந்திரம் முழுவதற்கும் ஏபி 39 என்ற ஒரே வரிசை வந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆகவே ஏபி 03 பலகையைப் பார்த்ததுமே, இரண்டு ஊரும் ஒரே மாவட்டமாக இருந்த நாளில் பதிவான வண்டி என்று இந்தப் பக்கத்தில் எவரும் சொல்லிவிடுவார்கள். அப்பா வாங்கிய சிறு கார். புத்தலப்பட்டு வழியாகத் திருப்பதிக்கும், காட்பாடி வழியாக வேலூர் ஆஸ்பத்திரிக்கும், முகூர்த்த மாதங்களில் பாகாலா, சந்திரகிரி என்று உறவினர் வீடுகளுக்கும் ஓடிய வண்டி. ஜூன், ஜூலையில் சித்தூரைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளின் வாசலில் தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும். அந்த நாட்களில் தாமலசெருவுப் பக்கத்துத் தோப்பிலிருந்து எங்களுக்கும் பங்கு வரும். மூட்டைகளைத் திணித்து, முழங்காலால் முட்டுக்கொடுத்து டிக்கியைச் சாத்துவார் அப்பா. வருடத்துக்குச் சில நாட்கள் இப்படி நடந்தாலே போதும், ஒரு பூட்டு தேய்வதற்கு.

சித்தூரில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். தெருவே அவரை பாய் என்றுதான் கூப்பிடும். டிக்கி திறக்க மாட்டேன் என்கிறது என்று நான் சொன்னதைத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். பிறகு டிக்கியைத் தூக்கி நிறுத்தி, ஒரு திருப்புளியை எடுத்துப் பூட்டின் வாய்க்குள் குறுக்காக வைத்து மெதுவாகத் தள்ளினார்.

"என்ன கேட்டுச்சு சார்?"

"டக்குன்னு ஒரு சத்தம், பாய்."

"ரெண்டு சத்தம் வரணும். திறக்கலைன்னு வந்திருக்கீங்க. இது சரியா மூடவே இல்ல சார்."

அந்தப் பூட்டு உள்ளங்கையில் அடங்கிவிடும். வண்டியின் உடம்போடு ஒரு தடித்த கம்பி 'ப' வடிவில் பொருத்தப்பட்டிருக்கிறது, ஸ்ட்ரைக்கர் என்பார்கள். கதவில் இருப்பது பூட்டு. அதற்குள் வாய் வெட்டிய ஓர் இரும்புத் தட்டு சுழலும்படி வைக்கப்பட்டிருக்கிறது. கதவு இறங்கும்போது கம்பி தட்டின் வாயில் மோதி அதைச் சுழற்றும். சுழலும் தட்டு கம்பியைக் கவ்விக்கொள்ளும். தட்டு திரும்பிப் போய்விடாதபடி ஒரு சிறிய நாக்கு அதன் வெட்டில் விழுந்து தடுக்கும். அந்த நாக்கை இழுத்துப் பிடிப்பது ஒரு ஸ்பிரிங். வெட்டுகள் இரண்டு. முதல் வெட்டில் நாக்கு விழுந்தால் முதல் சத்தம்: கதவு பாதி பிடிபட்டிருக்கிறது. இரண்டாவது வெட்டில் விழுந்தால்தான் கம்பி முழுவதும் தட்டின் வாய்க்குள் அடங்குகிறது. ஓட்டுநர் இழுக்கும் பிடி ஒரு கேபிள் வழியாக இந்த நாக்கைத் தூக்கிவிடுகிறது. தட்டு விடுபட்டுச் சுழல, கதவு திறக்கிறது.

முதல் வெட்டு எதற்காக? அரைகுறையாகச் சாத்திய கதவு ஓடும் வண்டியில் சட்டென்று பறந்துவிடாமல் தற்காலிகமாகப் பிடித்து வைப்பதற்கு. அது ஒரு காவல். குடியிருப்பதற்கான இடம் அல்ல. எங்கள் கார் எத்தனை காலமாக அந்த முதல் வெட்டிலேயே ஓடிக்கொண்டிருந்தது என்று பாயால் சொல்ல முடியவில்லை. இரண்டாவது வெட்டின் விளிம்பு மழுங்கிப்போயிருந்ததை விளக்கு அடித்துக் காட்டினார். எப்போதோ யாரோ வைத்த கிரீஸில் ராயலசீமையின் செம்மண் புழுதி கலந்து, வெயிலில் காய்ந்து கல்லாகியிருந்தது. அதனால் நாக்கு உரிய வேகத்தில் விழவில்லை. ஸ்பிரிங்கும் தளர்ந்துவிட்டது. கேபிளின் உறைக்குள் துரு. கதவின் இரண்டு மூலையிலும் இருக்க வேண்டிய ரப்பர் முட்டுகளில் ஒன்று காணோம். ஓங்கிச் சாத்துவதால் இவற்றில் எதுவும் சரியாகாது. ஒவ்வொரு அறைக்கும் தட்டின் விளிம்பு இன்னும் கொஞ்சம் சிதைகிறது, ஸ்ட்ரைக்கர் இன்னும் கொஞ்சம் இடம் மாறுகிறது. ஓங்கிச் சாத்தச் சொல்லும் அறிவுரையைப் போலப் பழைய கார்களுக்குக் கேடு செய்தது வேறொன்று இல்லை என்று நினைக்கிறேன்.

இது சரியா மூடவே இல்ல என்று பாய் சொன்னதைப் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நமக்குப் பூட்டு என்றால் திறக்காததுதான் பழுது. அது நம்மை வரிசையில் நிறுத்துகிறது, நேரத்தைத் தின்கிறது, அடுத்தவர் முன்னால் கூச்சப்பட வைக்கிறது. சரியாக மூடாத பூட்டு நம்மிடம் எதையும் கேட்பதில்லை. ஆனால் ஆளைக் கொல்லக்கூடியது அந்தப் பூட்டுதான்.

அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் டிக்கி தனி அறை. பின் இருக்கையின் முதுகு அதை ஆட்களிடமிருந்து பிரித்தது. அங்கே பூட்டு கெட்டால் பெட்டி விழும், அவ்வளவுதான். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. பிறகு ஜென், சான்ட்ரோ, இண்டிகா வந்தன. இந்தச் சிறு கார்களில் சாமானும் ஆளும் ஒரே காற்றைச் சுவாசிக்கும் ஒரே அறை. அந்த அறையின் பின்சுவர்தான் டிக்கிக் கதவு. ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து ஒரு வெற்றிடம்போல உண்டாகிறது. புகைக்குழாயிலிருந்து வரும் புகை அங்கே சுழன்றுகொண்டிருக்கும். கதவு விரலளவு திறந்திருந்தாலும் அது உள்ளே இழுக்கப்படும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. நீண்ட பயணத்தில் பின் இருக்கையில் குழந்தைகள் தலைவலி என்பார்கள், அசந்து தூங்குவார்கள். பயணக் களைப்பு என்று நாம் விட்டுவிடுவோம். டிக்கியின் உள்விளிம்பில் புழுதி கோடாகப் படிந்திருந்தால், புழுதி வந்த வழியில் புகையும் வரும் என்று பாய் சொன்னார். எங்கள் காரில் அந்தக் கோடு இருந்தது.

இனி மலைப்பாதை. 1944இல் முதல் பாதை திறக்கப்பட்டது, 1974இல் இரண்டாவது. இப்போது இரண்டாவது பாதையில் ஏறி முதல் பாதையில் இறங்குகிறோம். ஏறும்போது சாமான்களின் எடை முழுவதும் பின்னோக்கிச் சரிந்து டிக்கிக் கதவின்மேல் சாய்கிறது. சமதளத்தில் சும்மா இருந்த பூட்டு அங்கேதான் உண்மையில் வேலை செய்யத் தொடங்குகிறது. இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியின் உடம்பே முறுக்கிக்கொள்ளும். ஐந்தாவது கதவுக்காகப் பின்புறம் முழுவதையும் வெட்டித் திறந்து வைத்திருக்கும் கார்களில் அந்த முறுக்கு அதிகமாகத் தெரிவது பின் சட்டத்தில். பழைய கார் இறக்கத்தில் பின்னால் கடகடவென்று முனகுவது இதனால்தான். முதல் வெட்டில் தொங்கிக்கொண்டிருக்கும் நாக்கு அந்த முறுக்கைத் தாங்கும் என்று நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

இவ்வளவும் சாமான்களை நினைத்துச் சொன்னது. திருப்பதி ரயில் நிலையத்தின் எதிரிலும் பேருந்து நிலையத்தின் பக்கத்திலும் ஒரு காலத்தில் சவாரிக்கு நின்ற வண்டிகள் டாடா சுமோவும் குவாலிஸும். அவற்றின் கடைசியில் எதிரெதிராக இரண்டு பலகை இருக்கைகள் இருக்கும். குடும்பத்தில் இளையவர்களை அங்கேதான் உட்கார வைப்பார்கள். முழங்கால்கள் இடித்துக்கொள்ள, ஒரு தோள் பின்கதவில் சாய்ந்திருக்கும். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளைகள் அந்தக் கதவில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டு இறங்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். பின்கதவைக் கயிற்றால் கட்டிய வண்டிகளையும் பார்த்திருக்கிறோம். இரண்டையும் சேர்த்து நாம் யோசித்ததில்லை.

அமெரிக்காவில் யோசிக்க நேர்ந்தது. நம் நாட்டில் மாருதி 800 வந்த அதே பருவத்தில் அங்கே கிரைஸ்லர் நிறுவனத்தின் மினிவேன்கள் சந்தைக்கு வந்தன. குழந்தைகள் உள்ள குடும்பங்கள் விரும்பி வாங்கிய வண்டி. மோதலின்போது அவற்றின் பின்கதவுப் பூட்டு விடுபட்டு, உள்ளே இருந்தவர்கள் வெளியே வீசப்பட்ட விபத்துகளை அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஆராய்ந்தது. 1995இல் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்குப் புதிய பூட்டை இலவசமாக மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. பழைய பூட்டில் குறை இருந்தது என்று மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படிப்பட்ட ஒரு விபத்தில் இறந்த சிறுவனின் குடும்பத்துக்கு 26 கோடியே 25 லட்சம் டாலர் தர வேண்டும் என்று 1997இல் தென் கரோலினாவில் ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். மேல்முறையீட்டில் அந்தத் தொகை நிற்கவில்லை. ஆனால் உள்ளங்கையளவு இரும்பைப் பற்றி ஒரு நாடு ஆண்டுக்கணக்கில் வாதாடியது என்பது நின்றது. அந்த வாதத்தை நான் மதிக்கிறேன்.

நம்மிடம் இதற்கான சட்டம் தாமதமாகத்தான் வந்தது. 2012இல் வாகனத் தயாரிப்பாளர்களின் சங்கம், குறையுள்ள வண்டிகளைத் தானாக முன்வந்து திரும்பப் பெறுவதற்கான நெறி ஒன்றை வகுத்துக்கொண்டது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி உத்தரவிடும் அதிகாரத்தை ஒன்றிய அரசு பெற்றது. 2021 ஏப்ரலில் விதிகள் நடைமுறைக்கு வந்தன. அந்த விதிகள் ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். ஏழு ஆண்டைத் தாண்டிய கார் அந்தக் காவலிலிருந்து வெளியே வந்துவிடுகிறது. ஆனால் சாலையை விட்டுப் போவதில்லை. பதினைந்து ஆண்டு முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பித்து ஐந்தைந்து ஆண்டாக ஓட்டலாம். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. கட்டணத்தை உயர்த்தினால் பழைய வண்டிகள் குறையும் என்பது அரசின் கணக்கு. குறையட்டும். ஆனால் புது வண்டி வாங்க வழியில்லாதவர்கள், ஐந்தாயிரம் கட்டியாவது ஓட்டுபவர்கள், அந்தப் பணத்தைப் பராமரிப்பில்தான் மிச்சம் பிடிப்பார்கள். மிச்சம் பிடிக்க முதலில் அகப்படுவது, கெட்டுப்போனாலும் வண்டியை நிறுத்தாத உறுப்புகள். டிக்கிப் பூட்டு அவற்றில் முதலாவது.

ஏழாம் ஆண்டுக்குப் பிறகு ஒரு காரின் பாதுகாப்பு உண்மையில் யார் கையில் இருக்கிறது? தயாரித்தவர் கையில் இல்லை. சட்டத்தின் கையிலும் பெரும்பாலும் இல்லை. திருப்புளியை வைத்து எத்தனை சத்தம் வருகிறது என்று கேட்கும் ஒரு மனிதரிடம் இருக்கிறது. அவர் கேட்காவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. எந்தப் பயிற்சி நிலையமும் பாய்க்குச் சான்றிதழ் தரவில்லை. பன்னிரண்டு வயதில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க வந்தவர்.

பூட்டு சித்தூரில் கிடைக்கவில்லை. அந்த மாடல் நின்றுபோய் நாளாகிவிட்டது. திருப்பதியில் ரேணிகுண்டா சாலைப் பக்கம் ஒரு கடையில் மூன்று விதமாகத் தருகிறேன் என்றார்கள்: கம்பெனி சாமான், சொல்லி வைத்தால் வரும்; லோக்கல், இப்போதே இருக்கிறது; பழைய வண்டியிலிருந்து கழற்றியது, பாதி விலை. சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனால் இன்னும் மலிவாகக் கழற்றியது கிடைக்கும் என்று அங்கிருந்த ஒருவர் சொன்னார். புதுப்பேட்டையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கண்ணாடி, விளக்குக் கூடு, கதவின் கைப்பிடி என்று எத்தனையோ பழைய வண்டிகளை ஓடவைத்திருக்கும் தெரு அது. கடையிலிருந்து பாய்க்குப் போன் செய்து கேட்டேன்.

"எஞ்சின் பார்ட்டுன்னா கழட்டினதுல நல்லதாப் பார்த்து எடுத்துடலாம் சார். பூட்டு வேணாம். நம்ம பூட்டு தேஞ்ச மாதிரியேதான் அதுவும் தேஞ்சிருக்கும்."

லோக்கல்?

"தட்டைத் தொட்டுப் பாருங்க. நம்மளது எவ்வளவு தடிமன்னு ஞாபகம் இருக்குல்ல?"

பழைய பூட்டைப் பையில் கொண்டுபோயிருந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் லோக்கல் தட்டு மெலிசாக இருப்பது கண்ணுக்கே தெரிந்தது. கம்பெனி சாமானுக்குச் சொல்லி வைத்தேன். விலை ஒரு டேங்க் பெட்ரோலில் பாதிகூட ஆகவில்லை. காத்திருக்கும் நாட்களுக்காகப் பாய் பழைய பூட்டை மண்ணெண்ணெயில் கழுவி, நாக்கைச் சுத்தம் செய்து திரும்ப மாட்டிவிட்டார். இரண்டாவது சத்தம் வந்தது, ஆனாலும் மழுங்கிய விளிம்பை நம்பாதீர்கள், பின்னால் யாரையும் உட்கார வைக்காதீர்கள், மலைக்குப் போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

புதுப் பூட்டு வந்த அன்று வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. டிக்கியின் உள்பக்கப் பலகையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளை உடையாமல் கழற்றுவதில்தான் பாதி நேரம் போனது. இத்தனை வயதான பிளாஸ்டிக் தொட்டாலே நொறுங்கும். ஸ்ட்ரைக்கரின் போல்ட்டுகளைத் தளர்த்துவதற்கு முன்னால் அதன் நான்கு ஓரத்தையும் பேனாவால் கோடு போட்டுக்கொண்டார். அந்தக் கோடு இல்லாவிட்டால், தளர்த்திய பிறகு அது முன்பு எங்கே இருந்தது என்பதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பூட்டை மாட்டினார். கதவைச் சாத்துவதற்கு முன்னால் மறுபடியும் திருப்புளியால் தள்ளி இரண்டு சத்தமும் கேட்டு, கேபிளை இழுத்து விடுவித்துப் பார்த்தார். புதுப் பூட்டை முதலில் கதவோடு சாத்திப் பார்க்கக் கூடாது என்பது அவர் விதி. கேபிள் வேலை செய்யாவிட்டால் கதவு உள்ளிருந்து பூட்டிக்கொள்ளும், பின் இருக்கையை மடக்கித் தவழ்ந்து போய்த்தான் எடுக்க வேண்டியிருக்கும். பிறகு கதவை மெல்ல இறக்கி, கம்பி வாயின் நடுவில் இறங்குகிறதா என்று குனிந்து பார்த்தார். இடது பக்கம் கொஞ்சம் ஒட்டியது. ஸ்ட்ரைக்கரை நூலிழை நகர்த்தி இறுக்கினார். காணாமல் போன ரப்பர் முட்டுக்குப் புதிது போட்டு, இரண்டையும் ஒரே உயரத்துக்குத் திருகி வைத்தார்.

கடைசியாக ஒரு செய்தித்தாள் துண்டு. அதை ரப்பர் விளிம்பில் வைத்துக் கதவைச் சாத்தி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை இழுத்தார். சுற்றிலும் ஒவ்வோர் இடமாக. தாள் வழுக்கிக்கொண்டு வந்த இரண்டு இடங்களில் ரப்பரை நிமிர்த்தி ஒட்டினார். இந்தச் சோதனையைச் செய்யும்படி நான் கேட்கவில்லை. இதற்கென்று தனியாகப் பணமும் அவர் வாங்கவில்லை.

பழைய பூட்டு பெஞ்சின்மேல் கிடந்தது. அதைக் காயலான் கூடையில் போடுவதற்கு முன்னால் தரையில் வைத்து, சுத்தியலால் தட்டின் வாயை அடித்துச் சப்பையாக்கினார். ஏன் பாய் என்றேன். அப்படியே போட்டால் கூடையிலிருந்து யாராவது எடுத்துக் கழுவி, எண்ணெய் போட்டு, இன்னொரு வண்டியில் மாட்டிவிடுவார்கள் என்றார்.

அதற்குள் ஒரு சுமோ வந்து நின்றது. திருப்பதியில் சவாரி ஓட்டுபவர், பிரேக் பேட் மாற்ற வந்திருந்தார். பாய் முன் சக்கரத்தின் பக்கம் போகவில்லை. நேராகப் பின்னால் போய், கதவையும் பம்பரையும் சேர்த்துக் கட்டியிருந்த நைலான் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். மாலை ஆறு மணிக்கு ஸ்டேஷனில் பார்ட்டி காத்திருக்கும், அது கிடக்கட்டும் பாய், பிரேக்கை மட்டும் பாருங்கள் என்று ஓட்டுநர் தெலுங்கில் சொன்னார். பாயும் தெலுங்கிலேயே பதில் சொன்னார்: பிரேக்கையும் பார்க்கிறேன், ஆனால் இந்தக் கதவோடு ஆள் ஏற்ற விடமாட்டேன். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. நான் பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது அந்த ஓட்டுநர் யாருக்கோ போன் போட்டு, ஆறு மணிப் பார்ட்டிக்கு வேறு வண்டி அனுப்பும்படி கேட்டுக்கொண்டிருந்தார்.